அயர்லாந்தில் ஒரு காலி வீடு

மலர்க் குழு நண்பர் போனில் பிடித்து, "ஹாஸ்டல் நினைவுகள் ஏதாவது எழுதிக் குடேன்" என்றார். ஹாஸ்டல் நினைவுகளை என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் என் பேட்சிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். அவற்றில் பாதி அச்சில் ஏறக்கூடியவையும் அல்ல. அதனால் நான் வேறு விஷயம் எழுதுகிறேன் என்றேன். அயர்லாந்தில் குடியிருந்த ஜனங்களை வீட்டையும் நிலத்தையும் விட்டு வெளியேற்றிய சரித்திரம். "மெக்கானிக்கல் படிச்ச உனக்கும் அதுக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று சிரித்தார். சம்பந்தம் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2018-ல் வேலை நிமித்தமாக டப்ளின் போனேன். ஒரு வருடம் மூன்று பேரோடு ஒரு அறையைப் பங்குபோட்டுக் காலம் தள்ளினேன். 2019 ஆகஸ்டில் மனைவியும் கைக்குழந்தையும் வந்து சேர, நகரத்துக்கு வடக்கே ஒரு சின்ன வீடு கிடைத்தது. கிடைத்தது என்று ஒரே வார்த்தையில் எழுதிவிட்டேன். ஒரு வாடகை வீட்டைப் பார்க்கத் தெருமுனை வரை வரிசை நிற்கும் ஊர் அது. சாவி கைக்கு வந்ததே பெரிய விஷயம் என்று பால் காய்ச்சிக் குடியேறினோம்.

முதல் வாரத்திலேயே வேறொரு பெண்மணியின் பெயருக்குக் கடிதங்கள் வர ஆரம்பித்தன. பக்கத்து வீட்டில் எழுபதைத் தாண்டிய அம்மாள் ஒருவர் இருந்தார். மேற்கே மேயோ மாவட்டத்துக்காரர், பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் கடிதங்களைக் காட்டினேன். அந்தப் பெண்மணி இரண்டு குழந்தைகளோடு அதே வீட்டில் ஐந்து வருடம் இருந்தவராம். வீட்டை விற்கப் போகிறோம், காலி செய்யுங்கள் என்று நோட்டீஸ் கொடுத்தார்களாம். ஆனி மாதக் கணக்கில் போய்விட்டார். "விக்கிறதா போர்டு வைப்பாங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். போர்டு வரல. நீங்கதான் வந்தீங்க" என்றார். பிறகு டீயைக் கலக்கிக்கொண்டே, பாதிச் சிரிப்பும் பாதி வேறு எதுவோவுமாக, "எங்க தாத்தா காலத்துல உங்கள மாதிரி ஆளுக்கு ஒரு பேரு உண்டு தம்பி. கிராபர்னு சொல்வாங்க" என்றார். அவர் பேசியது ஆங்கிலத்தில்தான். "தம்பி" மட்டும் நான் சேர்த்தது.

கிராபர் என்றால் அபகரிப்பவன். நாம் எதை அபகரித்தோம், அட்வான்ஸ் கட்டி அக்ரிமென்ட் போட்டல்லவா வந்தோம் என்று எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. ஆனால் வார்த்தை விடவில்லை. நூலகத்தில் தேட ஆரம்பித்தேன்.

அயர்லாந்து விவசாயிக்கு நிலம் ஏன் சொந்தமாக இல்லை என்பதிலிருந்து தொடங்க வேண்டும். பதினேழாம் நூற்றாண்டில் கிராம்வெல் படையெடுப்பு, அதன்பின் வில்லியம் மன்னர் காலத்துப் போர் என்று அடுத்தடுத்து வந்ததில் கத்தோலிக்கர்களின் நிலங்கள் பறிமுதலாகி, பெரும்பகுதி புராட்டஸ்டண்ட் பிரபுக்கள் கைக்குப் போயிற்று. அவர்களில் பலர் இங்கிலாந்திலேயே வாழ்ந்தார்கள். ஊரில் இருந்தது காரியஸ்தர்தான். உழுதவன் அதே மண்ணில் குத்தகைக்காரனாக உட்கார்ந்தான். பெரும்பாலானவர்களுக்கு எழுத்துமூலமான நீண்டகாலக் குத்தகை கிடையாது. வருடத்துக்கு வருடம் ஓடும் குத்தகை. ஆறு மாத நோட்டீஸ் கொடுத்தால் போதும், கிளம்ப வேண்டியதுதான். காரணம் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

சதுப்பை வடித்து, கல் பொறுக்கி, சுவர் வைத்து நிலத்தைத் திருத்தினால் அதன் மதிப்பு ஏறும். மதிப்பு ஏறினால் குத்தகையும் ஏறும். கட்ட முடியாதவன் போக வேண்டும். அவன் வைத்த சுவர் பிரபுவுக்கு. வடக்கே அல்ஸ்டர் பகுதியில் மட்டும், போகிறவன் தன் உழைப்பின் பங்கை வருகிறவனுக்கு விற்றுக்கொள்ளும் வழக்கம் ஓரளவு இருந்தது.

இன்னொரு ஏற்பாட்டைப் படித்தபோது எனக்கு மெஸ் பாக்கி ஞாபகம் வந்தது. குத்தகையை ஆண்டுக்கு இரண்டு தவணையாகக் கட்ட வேண்டும். புதிதாக வருகிறவனிடம் முதல் தவணையை உடனே கேட்கமாட்டார்கள், ஆறு மாதம் கழித்துத் தந்தால் போதும் என்பார்கள். இதற்குத் 'தொங்கல் தவணை' என்று பொருள்படும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். கேட்பதற்குத் தாராளமாக இருக்கிறது. ஆனால் அந்த ஆறு மாதப் பாக்கி அப்படியே நிற்கும். அவன் எவ்வளவு ஒழுங்காகக் கட்டி வந்தாலும் காரியஸ்தர் நினைத்த நாளில் அவன் பாக்கிதாரன். பாக்கி என்றால் கோர்ட், கோர்ட் என்றால் அமீனா.

இந்த நிலையில்தான் 1845-ல் உருளைக்கிழங்கில் கருகல் நோய் விழுந்தது. ஏழைகளுக்கு அதைவிட்டால் வேறு சாப்பாடு இல்லை. 1852 வரை நீண்ட பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள், அதே அளவு பேர் கப்பல் ஏறினார்கள். 1841 கணக்கெடுப்பில் 81 லட்சத்துக்கு மேல் இருந்த ஜனத்தொகை 1851-ல் 65 லட்சம் சொச்சம். இது பலரும் படித்திருக்கக்கூடியது. பஞ்ச காலத்தில் ஜனங்களை வீட்டைவிட்டுத் துரத்தியது எது என்பது அவ்வளவாகத் தெரியாதது. பிரபுக்களின் கல்நெஞ்சு என்றுதான் நானும் நினைத்தேன். படிக்கப் படிக்க, நெஞ்சைவிடச் சட்டப்புத்தகம்தான் அதிக வேலை செய்திருக்கிறது என்று தோன்றியது.

ஏழைகளைக் காப்பாற்றும் செலவு அந்தந்த வட்டாரத்து நிலவரியிலிருந்தே வர வேண்டும் என்பது லண்டன் அரசின் கொள்கை. ஆண்டு மதிப்பு 4 பவுனும் அதற்குக் கீழும் உள்ள துண்டு நிலங்களுக்கான ஏழை வரியை முழுக்கப் பிரபுவே கட்ட வேண்டும் என்று விதி செய்தார்கள். ஏழைக் குத்தகைக்காரனைக் காப்பாற்ற வந்த விதி இது. என்ன ஆயிற்று? ஏழைக் குத்தகைக்காரன் எத்தனை பேர் இருக்கிறானோ அத்தனை வரி. அவன் கட்டவேண்டிய குத்தகையோ பஞ்சத்தில் நின்றுபோயிற்று. அவனை அனுப்பிவிட்டுத் துண்டு நிலங்களை ஒன்றாக்கி மாடு மேய்த்தால் வரி மிச்சம், மாட்டுக்கு இங்கிலாந்தில் நல்ல விலை. பத்தாம் வகுப்புக் கணக்கு.

1847-ல் இன்னொரு ஷரத்து வந்தது. கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவனுக்கு அரசு நிவாரணம் கிடையாது. கால் ஏக்கர் என்றால் நம் கணக்கில் 25 சென்ட். 30 சென்ட் வைத்திருப்பவன் பிள்ளைகளுக்குக் கஞ்சி வேண்டும் என்றால் நிலத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். நிலத்தை ஒப்படைக்கப் போனவனிடம் வீட்டையும் சேர்த்துக் கொடு என்று காரியஸ்தர்கள் கேட்டார்கள். அவன் முதுகு திரும்பியதும் கூரையைப் பிரித்தார்கள். நிலத்தைப் பிடித்துக்கொண்டு பட்டினியாகச் செத்தவர்களும் உண்டு. பஞ்சம் முடிந்தபின் அந்த 30 சென்ட் இல்லாமல் பிழைக்க வழியில்லை என்று அவர்களுக்குத் தெரியும்.

இந்த ஷரத்தைப் பார்லிமென்டில் கொண்டுவந்தவர் வில்லியம் கிரெகரி. டப்ளின் தொகுதி உறுப்பினர், கால்வே மாவட்டத்தில் கூல் பார்க் என்ற எஸ்டேட்டின் வாரிசு, அப்போது வயது முப்பது. எதிர்த்து ஓட்டுப் போட்டவர்கள் பத்துப் பேர்கூட இல்லை. பெயரைப் பார்த்ததும் எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. இலங்கை டூர் போனவர்கள் நுவரெலியாவில் கிரெகரி ஏரியில் படகு விட்டிருப்பீர்கள். கொழும்பு மியூசியத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரர் சிலை நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அவரேதான். 1872 முதல் 1877 வரை இலங்கையின் கவர்னர். பழைய குளங்களைச் செப்பனிட்டார், மியூசியம் கட்டினார், அங்கே நல்ல பெயரோடு போனார். தன் சொந்த எஸ்டேட்டிலும் அவர் கொடுமைக்காரர் என்று பெயர் எடுத்தவர் அல்ல. நான் கல்யாணமான புதிதில் அந்த ஏரியில் மனைவியோடு அரை மணி நேரம் படகில் சுற்றி, போட்டோவும் எடுத்திருக்கிறேன். அந்த போட்டோ டப்ளின் வீட்டு ஹாலில்தான் மாட்டியிருந்தது.

1846 மார்ச் 13-ல், பஞ்சம் முற்றும் முன்பே, கால்வே மாவட்டத்துப் பாலின்லாஸ் கிராமத்தில் சுமார் 300 பேர் ஒரே நாளில் வெளியேற்றப்பட்டார்கள். குத்தகை கட்டத் தயாராக இருந்தவர்கள் என்று அப்போதே எழுதினார்கள். நிலத்தின் சொந்தக்காரியான ஜெரார்ட் சீமாட்டிக்கு மேய்ச்சல் நிலம் வேண்டியிருந்தது. பட்டாளமும் போலீசும் காவல் நிற்க வீடுகளை இடித்தார்கள். அன்றிரவு இடிபாட்டுக்குள் படுத்தவர்களை மறுநாள் அங்கிருந்தும் விரட்டினார்கள். அக்கம்பக்கத்துக்காரர்கள் யாரும் இடம் தரக்கூடாது என்று உத்தரவு. இந்த விவகாரம் லண்டன் பிரபுக்கள் சபை வரை போயிற்று. தன் சொத்தைத் தன் இஷ்டப்படி செய்ய நிலச் சொந்தக்காரருக்குப் பூரண உரிமை உண்டு என்ற வாதமே அங்கு நின்றது. வீடிழந்தவர்கள் இடிந்த சுவரின் மூலையில் நாலு கழியைச் சாய்த்து, புல் மண்ணைப் போட்டு மூடி ஒண்டிக்கொண்டார்கள். அந்தப் பொந்துக்கு 'ஸ்கால்பீன்' என்று தனிப் பெயரே உண்டாயிற்று. ஒரு பொருளுக்குத் தனிப் பெயர் வர வேண்டுமானால் அது ஊரில் எத்தனை இருந்திருக்க வேண்டும் என்று பாருங்கள்.

1848-ல் பார்லிமென்ட் மனம் இளகி ஒரு சட்டம் போட்டது. வெளியேற்றப் போகும் முன் நிவாரண அதிகாரிக்கு 48 மணி நேரம் முன்னதாகத் தகவல் தர வேண்டும். சூரிய அஸ்தமனத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பிலிருந்து மறுநாள் விடியும்வரை வெளியேற்றக்கூடாது. கிறிஸ்துமஸ் அன்றும் புனித வெள்ளி அன்றும் கூடாது. ஆட்கள் உள்ளே இருக்கும்போது கூரையைப் பிரிக்கக்கூடாது. நம் ஹாஸ்டலில் 'பாத்ரூமில் சைக்கிள் கழுவக்கூடாது' என்று ஒரு போர்டு இருந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். யாரோ ஒரு புண்ணியவான் கழுவியிருக்காவிட்டால் அந்த போர்டு வந்திருக்குமா? அந்த 1848 சட்டத்தை அப்படித்தான் நான் படித்தேன். கடைசி வரியைத் தாண்ட எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

1849-லிருந்துதான் போலீஸ் ஒழுங்காகக் கணக்கு வைத்தது. 1849-க்கும் 1854-க்கும் இடையில் மட்டும் வெளியேற்றப்பட்டவர்கள் ஏறத்தாழ 2.5 லட்சம் பேர். அதற்கு முந்தைய மோசமான வருடங்கள் இதில் சேரவில்லை. 'தானாக' எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவர்களும் சேரவில்லை. கிளேர் மாவட்டத்துக் கில்ரஷ் வட்டாரம் எல்லாவற்றிலும் மோசம். அங்கே ஏழைச் சட்ட இன்ஸ்பெக்டராக இருந்த கேப்டன் ஆர்தர் கென்னடி, எந்தக் கிராமத்தில் எத்தனை வீடு இடிந்தது, எத்தனை பேர் தெருவுக்கு வந்தார்கள் என்று விடாமல் மேலிடத்துக்கு எழுதிக்கொண்டே இருந்தார். உள்ளூர்ப் பிரபுக்களுக்கு அவரைக் கண்டால் ஆகவில்லை. அரசாங்க ரிப்போர்ட் எழுதி ஒன்றும் ஆகாது என்று நினைக்கும் நம் போன்றவர்கள் கென்னடியைப் படிக்க வேண்டும். இன்று நமக்குக் கில்ரஷ் தெரிவதே பெரும்பாலும் அவர் எழுதி வைத்ததால்தான்.

பஞ்சம் முடிந்தும் பழக்கம் முடியவில்லை. 1861 ஏப்ரலில் டோனிகால் மாவட்டத்து டெரிவீ பள்ளத்தாக்கில் ஜான் ஜார்ஜ் அடேர் என்பவர் மூன்றே நாளில் 244 பேரை வெளியேற்றினார். அவருடைய மேற்பார்வையாளர் கொலையாகியிருந்தார். கொன்றவன் யாரென்று தெரியவில்லை. ஆகவே எல்லோரும் போ. குத்தகைப் பாக்கி காரணமே இல்லை. பின்னால் அவர் அங்கே கட்டிய க்ளென்வீ கோட்டை இன்று தேசியப் பூங்காவின் நடுவே அழகாக நிற்கிறது. நாங்களும் போய் ஐஸ்கிரீம் சாப்பிட்டு வந்தோம்.

இனி கிராபர் கதைக்கு வருகிறேன்.

மேயோ மாவட்டத்தில் ஸ்ட்ரெய்ட் என்ற ஊரில் 1846-ல் பிறந்தவர் மைக்கேல் டேவிட். நாலு வயதில் குடும்பம் வெளியேற்றப்பட்டது. ஒர்க்ஹவுஸ் என்ற ஏழை விடுதிக்குப் போனார்கள். மூன்று வயதுக்கு மேற்பட்ட பையன் தாயோடு இருக்க முடியாது, பிரிந்துதான் இருக்க வேண்டும் என்றார்கள். அம்மா பையனைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். இங்கிலாந்தில் லங்காஷயர் பக்கம் போய்ப் பிழைத்தார்கள். 11 வயதில் பஞ்சாலை மெஷினில் சிக்கி வலது கை போயிற்று. அதன்பின் படித்தார், புரட்சிக்காரரானார், ஏழு வருடம் ஜெயிலில் இருந்தார். 1879-ல் மறுபடி விளைச்சல் பொய்த்து, இன்னொரு பஞ்சம் வாசலுக்கு வந்தபோது மேயோவில் கூட்டங்கள் கூட்டினார். அந்த ஆண்டு அக்டோபர் 21-ல் நிலச் சங்கம் ஏற்பட்டது. தலைவர் சார்லஸ் ஸ்டூவர்ட் பார்னல். அவரே ஒரு நிலப்பிரபு, புராட்டஸ்டண்ட். அயர்லாந்து சரித்திரம் இப்படித்தான், நமக்கு வசதியான கட்டங்களில் அடங்காது.

சங்கம் கண்டுபிடித்த விஷயம் எளிமையானது. வெளியேற்றுவதால் பிரபுவுக்கு லாபம் எப்போது? காலியான இடத்துக்கு இன்னொருவன் வந்தால்தான். நிலத்துக்குப் பசி பிடித்த நாட்டில் எப்போதும் எவனோ ஒருவன் வந்தான், கூடுதல் குத்தகையும் தந்தான். அவன் வராவிட்டால்? 1880 செப்டம்பர் 19-ல் என்னிஸ் என்ற ஊரில் பார்னல் கூட்டத்தைப் பார்த்து, அப்படி வருகிறவனை என்ன செய்வது என்று கேட்டார். சுடு என்று சத்தம் வந்தது. வேண்டாம், அதைவிட நல்ல வழி இருக்கிறது என்றார்: கடையில், தெருவில், சந்தையில், கோயிலில்கூட அவனோடு யாரும் பேசாதீர்கள், தொழுநோயாளியை ஒதுக்கிய மாதிரி ஒதுக்குங்கள்.

ஆனால் சோதனை முதலில் விழுந்தது ஒரு காரியஸ்தர் தலையில். லாஃப் மாஸ்க் ஏரிக்கரையில் எர்ன் பிரபுவின் காரியஸ்தர், கேப்டன் சார்லஸ் பாய்காட். குத்தகையை 25 சதவீதம் குறைக்கக் கேட்டார்கள், பிரபு 10 என்றார், நோட்டீஸ் போயிற்று. நோட்டீஸ் கொண்டுவந்த ஆளை ஊர்ப் பெண்கள் சாணியும் கல்லும் எறிந்து துரத்தினார்கள். மறுநாளிலிருந்து பாய்காட் வீட்டில் வேலையாள் இல்லை, தபால் இல்லை, கடைக்காரர் சாமான் தரவில்லை. வயலில் கிழங்கு அழுகிற நிலை. வடக்கேயிருந்து 50 தொண்டர்கள் அறுவடைக்கு வந்தார்கள். அவர்களைக் காக்க சுமார் ஆயிரம் சிப்பாய்கள். சுமார் 500 பவுன் விளைச்சலை எடுக்க 10,000 பவுன் செலவு. அறுவடை முடிந்ததும் கேப்டன் ஊரைவிட்டுப் போனார். அவர் பெயர் மட்டும் இங்கிலீஷ் அகராதியில் தங்கிவிட்டது. நம் செமஸ்டர் பரீட்சையை நாம் 'பாய்காட்' செய்தபோது மேயோ மாவட்டத்துக்குக் கடன்பட்டிருந்தோம் என்று அப்போது யாருக்குத் தெரியும்!

இதைப் படித்துவிட்டு நான் பக்கத்து வீட்டு அம்மாளிடம் போய் வாதாடியிருக்கிறேன். கிராபர் என்று ஒதுக்கப்பட்டவன் பாதி நேரம் யார்? அவனும் ஒரு ஏழை, அவன் வீட்டிலும் பிள்ளைகள் அழுதிருக்கும். அவனை அடித்ததும், மாட்டை வெட்டியதும், சில இடங்களில் கொன்றதும் நடந்தது. பிரபு எங்கோ லண்டனில், உதை வாங்கியது பக்கத்து வயல்காரன். அந்த அம்மாள் மறுக்கவில்லை. "ஆமா. ஆனா அவன் எடுக்கலேன்னா அடுத்தவன வெளியேத்த மாட்டாங்க. அதுதான் கணக்கு" என்றார். டீச்சர் அல்லவா.

நம் இலாகாவுக்கு வருவோம். 1886-ல் 'திட்டம்' ஒன்று வந்தது. குத்தகைக்காரர்கள் சேர்ந்து நியாயமான தொகை இதுதான் என்று நீட்டுவார்கள். பிரபு வாங்க மறுத்தால் அந்தப் பணம் ஒரு பொது நிதிக்குப் போகும். வெளியேற்றப்பட்டவர்களை அந்த நிதி தாங்கும். இது நடந்த எஸ்டேட்டுகளில் ஒன்று கில்ரஷில் வாண்டலூர் குடும்பத்துடையது. (நம் வண்டலூர் அல்ல.) பஞ்ச காலத்தில் கென்னடி ரிப்போர்ட் எழுதிய அதே கில்ரஷ். 1888 ஜூலையில் அமீனாக்கள் போனபோது ஜனங்கள் வீட்டுக் கதவுகளை முள்மரம், கல், கட்டை வைத்து உள்ளிருந்து அடைத்திருந்தார்கள். கடப்பாரைக்கு மசியவில்லை. ஆகவே யந்திரம் வந்தது. மூன்று நீண்ட கழிகளை முக்காலி மாதிரி நிறுத்தி, உச்சியிலிருந்து ஒரு பெரிய மரத்துண்டை ஊஞ்சலாகக் கட்டியிருப்பார்கள், முனையில் இரும்புப் பூண். ஏழெட்டுப் பேர் பிடித்துப் பின்னுக்கு இழுத்து விடுவார்கள். மரம் 200 கிலோ, ஒரு அடி உயரம் ஏற்றி விடுகிறார்கள் என்று வைத்துக்கொண்டால் ஒரு இடிக்கு 600 ஜூல். நவீனச் சுவரை ஒன்றும் செய்யாது. மண் சாந்தில் அடுக்கிய கல் சுவர் பத்துப் பதினைந்து இடியில் உதிர ஆரம்பிக்கும். இது என் கணக்கு, சிவில் நண்பர்கள் திருத்தலாம்.

டப்ளின் லாரன்ஸ் ஸ்டூடியோக்காரர்கள் எடுத்த போட்டோக்கள் அங்குள்ள தேசிய நூலகத்தில் இருக்கின்றன. அந்தக் காலத்தில் போட்டோவுக்கு அசையாமல் நிற்க வேண்டும். அதனால் சிப்பாய், போலீஸ், அமீனா எல்லோரும் கேமராவைப் பார்த்து அசையாமல் நிற்கிறார்கள். நம் கான்வொகேஷன் குரூப் போட்டோ மாதிரி. நடுவில் அந்த முக்காலி. பின்னால் வீட்டுச் சுவரில் ஒரு ஓட்டை, அதற்குள் இருட்டு. இந்தப் படங்கள் செய்த வேலையைப் பல பிரசங்கங்கள் செய்யவில்லை. இங்கிலாந்தில் சாதாரண வாக்காளர்களே பார்த்து முகம் சுளித்தார்கள்.

சட்டங்கள் வந்தது தனிக் கதை, வேகமாகச் சொல்கிறேன். 1881-ல் கிளாட்ஸ்டன் சட்டம்: நியாயக் குத்தகை, நிலைத்த குடியுரிமை, பங்கை விற்கும் உரிமை. குத்தகையைத் தீர்மானிக்க நிலக் கமிஷன். சராசரியாக 20 சதவீதம் வரை குறைத்தது. 1903-ல் விண்டம் சட்டம்: அரசு கடன் கொடுக்கும், குத்தகைக்காரன் நிலத்தையே வாங்கிக்கொள்வான், 68½ வருடத்தில் திருப்பிக் கட்டுவான். விற்கும் பிரபுவுக்கு 12 சதவீதம் போனஸ் வேறு! 1870-ல் நூற்றுக்கு மூன்று விவசாயிகளிடம்தான் சொந்த நிலம். 1929-ல் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. ஐரோப்பாவில் இத்தனை அமைதியாக நிலம் கைமாறிய நாடுகள் குறைவு. 1907-ல் முன்பு வெளியேற்றப்பட்டவர்களைத் தேடிப்பிடித்து மறுபடி நிலத்தில் அமர்த்தத் தனியாக ஒரு சட்டம் போட்டார்கள். எனக்கு இந்தச் சரித்திரத்திலேயே மிகவும் பிடித்தது அதுதான்.

ஆனால் இதெல்லாம் வயலில் இருந்தவனுக்கு. டவுனில் ஒரு ரூமில் வாடகைக்கு இருந்தவனுக்கு ஒன்றும் வரவில்லை. பெரிய மாளிகைகளை அறை அறையாகக் கூறுபோட்டு டப்ளின் தொழிலாளர்கள் வாழ்ந்தார்கள். 1913 செப்டம்பரில் சர்ச் தெருவில் அப்படி இரண்டு கட்டடம் சரிந்து ஏழு பேர் செத்தார்கள். வாடகைக் கட்டுப்பாடு முதல் உலகப் போரில் வந்து, சுதந்திர நாட்டிலும் ஒரு பகுதி வீடுகளுக்கு நீடித்தது. அதையும் 1981-ல் சுப்ரீம் கோர்ட் சொத்துரிமைக்கு விரோதம் என்று ரத்து செய்துவிட்டது. அதன்பின் ரொம்ப காலத்துக்கு ஒரு வாடகைக்காரரைக் காலி செய்ய நாலு வார நோட்டீஸ் போதும். பஞ்ச காலத்துக் குத்தகைக்காரனுக்கே ஆறு மாதம் இருந்தது! 2004 சட்டத்தில்தான் காரணம் சொல்ல வேண்டும் என்ற விதி வந்தது. வீட்டை விற்பது ஒரு காரணம். 2019 ஜூன் திருத்தத்தின்படி, அப்படிச் சொல்லிக் காலி செய்ய வைத்து ஒன்பது மாதத்துக்குள் விற்காமல் மறுபடி வாடகைக்கு விட்டால், பழைய குடித்தனக்காரருக்கே முதலில் தர முன்வர வேண்டும்.

இந்த வரியை 2019 டிசம்பரில் படித்தேன். நாங்கள் குடியேறி நாலு மாதம் ஆகியிருந்தது. அந்தப் பெண்மணிக்கு வீட்டைத் திரும்பத் தருகிறோம் என்று கேட்டார்களா? அவர் வேண்டாம் என்றாரா? அவருக்கு நோட்டீஸ் கொடுத்தது எந்த விதியின் கீழ்? வீட்டுக்காரருக்கு ஒரு போன் போட்டால் தெரிந்திருக்கும். போடவில்லை. குளிர்காலம், கைக்குழந்தை, ஊரில் வேறு வீடு இல்லை. கேட்டு வம்பை விலைக்கு வாங்குவானேன் என்று மனைவி சொன்னதாகப் பழியைப் போடலாம். அவள் சொல்லவில்லை, நானே நினைத்தேன்.

2022 ஜூலைக் கடைசியில் எங்களுக்கு நோட்டீஸ் வந்தது. காரணம்: வீடு விற்பனை. வீட்டுக்காரர்கள் வயதான தம்பதி, இருந்ததே அந்த ஒரு உபரி வீடு, மரியாதையாகத்தான் பேசினார்கள். மூன்று வருடம் குடியிருந்ததால் சட்டப்படி 180 நாள். ஜனவரியில் கெடு. அதற்குள் அரசு குளிர்காலத் தடை போட்டது: 2022 அக்டோபர் 30 முதல் 2023 மார்ச் 31 வரை யாரையும் வெளியேற்றக்கூடாது. எங்கள் கெடுவும் வசந்தகாலம் வரை தள்ளிப்போயிற்று. தடையை நீட்ட வேண்டும் என்று பெரிய கூச்சல் நடந்தும் நீட்டவில்லை. அந்த மாதங்களில் எழுபது வீட்டுக்காவது எழுதிப் போட்டிருப்பேன், பார்க்கக் கூப்பிட்டது நாலு. 2025 தொடக்கத்தில் அந்த நாட்டில் அரசின் தற்காலிக விடுதிகளில் இருந்தவர்கள் 15,000 பேருக்கு மேல். நாங்கள் அந்தக் கணக்கில் சேரவில்லை. கம்பெனியில் கேட்டுக்கொண்டு பெங்களூருக்கு மாற்றல் வாங்கி வந்துவிட்டோம். விமான டிக்கெட் இருந்தது.

கிளம்பும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ட்ரெய்ட் போனோம். டேவிட்டுக்கு ஞானஸ்நானம் கொடுத்த பழைய சர்ச் இப்போது அவர் பெயரில் மியூசியம். பக்கத்திலேயே அவர் சமாதி. அவரை வெளியேற்றிய ஊரிலேயே கொண்டுவந்து அடக்கம் செய்திருக்கிறார்கள். என் பெண் வெளியே புல்லில் ஓடிக்கொண்டிருந்தாள், நாலு வயது.

வீடு இந்தத் தடவை நிஜமாகவே விற்றுப்போயிற்று; போர்டு வைத்ததைப் பக்கத்து வீட்டு அம்மாள் எழுதியிருந்தார். அந்தப் பெண்மணியின் பெயருக்குக் கடைசி வரை கடிதம் வந்துகொண்டிருந்தது. ஆரம்பத்தில் 'இங்கே இல்லை' என்று எழுதித் தபாலில் திருப்பிப் போட்டேன், பிறகு டிராயரில் சேர்த்தேன். காலி செய்த அன்று எண்ணிப் பார்த்தேன், 23 இருந்தன. ஒன்று பிள்ளைகளின் பள்ளிக்கூடத்திலிருந்து. கட்டுக் கட்டி அம்மாளிடம் கொடுத்தேன். "எங்க இருக்கான்னு எனக்கும் தெரியாதே" என்று சொல்லிக்கொண்டே வாங்கி உள்ளே வைத்தார்.